கேட்காரர் அழகமுத்துவின் தூக்கம்

லைன் வேலைக்காரர்களிடையே அழகமுத்து ஒரு காலத்தில் தூக்கத்துக்குப் பெயர் போனவர். கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ரயில் பாதையில் சல்லி கொட்டிச் சிலிப்பர் கட்டை மாற்றும் கேங்கில் அவர் பதினொரு வருடம் வேலை செய்தார். ஒரு வண்டி போய் அடுத்த வண்டி வருவதற்குள் அரைமணி நேரம் கிடைத்தால் போதும். குவித்து வைத்த சல்லியின் மேல் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். குறட்டை கேட்கும். மேஸ்திரி கூப்பிட்டதும் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் எழுந்து வருவார். "கல்லுத் தலகாணி" என்று கேங் அவருக்குப் பெயர் வைத்திருந்தது. அவர் பிறந்த மஹய்யாவையில் அந்தப் பெயரைச் சொன்னால்தான் பலருக்கு ஆள் விளங்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டு அவருக்குக் கேட்காரர் வேலை கிடைத்தது. கட்டுகஸ்தோட்டை ஸ்டேஷனைத் தாண்டி, வத்தேகமப் பக்கமாக, பஸ் பாதை தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டும் இடத்தில் அந்தக் கேட் இருந்தது. பக்கத்தில் இரண்டு அறை உள்ள ஒரு கேட் வீடு. ஓர் அறையில் அழகமுத்துவும் மனைவி பாலம்மாவும் மகள் வீரம்மாவும். மற்ற அறையில் இன்னொரு கேட்காரர் கறுப்பையா. பகலை ஒருவர் பார்த்தால் இரவை மற்றவர் பார்ப்பார்.

அது கஷ்டமான வேலை என்று யாரும் நினைக்கவில்லை. நேரம் குறித்த வண்டிகள் நாளைக்குப் பத்து. அவற்றின் நடுவே எப்போது வரும் என்று சொல்ல முடியாத சாமான் வண்டிகள். வண்டி எந்தப் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து புறப்பட்டாலும், அங்கிருந்து கம்பி வழியாக ஒரு மணி அடிக்கும். மணி அடித்ததும் இரண்டு பக்கக் கதவையும் சாத்தி, கொடியோடு நிற்க வேண்டும். கடைசிப் பெட்டியின் பின்னால் தொங்கும் சிவப்பு விளக்கைக் கண்ணால் பார்த்த பிறகு திறக்க வேண்டும். அவ்வளவுதான்.

முப்பத்தைந்தாம் ஆண்டு தை மாதத்தில் காய்ச்சல் வந்தது. அந்த வருடத்துக் காய்ச்சலை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கறுப்பையா பதினாறு நாள் நடுங்கி, பதினேழாம் நாள் போய்விட்டார். காய்ச்சல் எல்லாக் கேங்கிலும் ஆள் எடுத்திருந்தது. கேட்டுக்கு மாற்று ஆள் கிடைக்கவில்லை. இரண்டு பேர் வேலையையும் அழகமுத்து பார்க்கத் தொடங்கினார். ஒரு மாதத்துக்கு என்று சொன்னார்கள்.

சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கிழமை, சாப்பிட்ட பிறகு சுவரில் சாய்ந்தவர் கண்ணயர்ந்துவிட்டார். மணி அடித்தது அவருக்குக் கேட்கவில்லை. எஞ்சினின் ஊதல்தான் அவரை எழுப்பியது. வெளியே ஓடினால், பலாக்காய் ஏற்றிய ஒரு மாட்டுவண்டி தண்டவாளத்தின் நடுவே நிற்கிறது. அவர் சிவப்புக் கொடியை வீசிக்கொண்டு எஞ்சினை நோக்கி ஓடினார். வண்டிக்காரன் மாட்டின் வாலை முறுக்கினான். வண்டி தப்பியது. பின்பலகையில் தொங்கிய சாக்கை மட்டும் எஞ்சின் இழுத்துக்கொண்டு போனது. வண்டிக்காரன் பாதையோரம் குந்தி உட்கார்ந்து, பைத்தியக்காரனைப்போலச் சிரித்தான். அழகமுத்து சிரிக்கவில்லை. அன்றைக்குப் பிறகு அவர் தூங்கவும் இல்லை.

தூங்கவில்லை என்றால் ஒரேயடியாகத் தூங்காமல் இல்லை. கண் மூடும். கால் மணி நேரத்தில் யாரோ உலுக்கியதுபோல எழுந்து வாசலுக்கு ஓடுவார். மணி அடித்திருக்காது. திரும்பி வந்து படுப்பார். மறுபடியும் ஓடுவார். சைக்கிள் மணி கேட்டால் நெஞ்சு திடுக்கென்று அடிக்கும். ஆற்றுப் பக்கத்திலிருந்து கோயில் மணி வந்தால் கை தானாகக் கொடியைத் தேடும். வீரம்மாவுக்கு அப்போது ஏழு வயது. ஒருநாள் அவள் கொலுசோடு ஓடி வந்தபோது, பிள்ளையை அடித்தே அறியாத அந்தக் கை அவளை அடித்துவிட்டது. பிறகு அவரே அழுதுகொண்டு கொலுசைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

உடம்பு ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கியது. சோற்றைக் கண்டால் குமட்டும். சாப்பிட்டால் நெஞ்சுக்குழி எரியும். தூக்கத்தில் பல்லைக் கடிப்பார். காலையில் தாடை வலிக்கும். தலைமுடி துண்டில் கொத்தாக வந்தது. ஆனி மாதம் விளக்குச் சிம்னி உடைந்து பெருவிரலில் வெட்டியது. சின்ன வெட்டுத்தான். ஆடி போய் ஆவணி வந்தும் அது மூடவில்லை. அந்த ஆவணியில் கண்டிப் பெரஹரா ஊர்வலத்துக்கு விட்ட விசேஷ வண்டிகள் வேறு. பத்து நாளில் அவர் கன்னம் உள்ளே போய்விட்டது.

பாலம்மா ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். விடிவதற்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுத் தப்பு அடித்ததும் கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெண். சத்தத்துக்கு எழுவது அவருக்குப் புதிது அல்ல. ஆனால் சத்தமே இல்லாமல் ஒரு மனிதர் எழுந்து ஓடுவதை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. காத்து கறுப்பு என்று நினைத்து மஹய்யாவைக் கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினார். கயிறு கையில் இருந்தது, ஓட்டம் நிற்கவில்லை. சாமான் வண்டி இல்லாத ஒரு நாளாகப் பார்த்து, கேட்டை இரண்டு மணி நேரம் கேங் மேஸ்திரியிடம் ஒப்படைத்துவிட்டு, அவரை டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அங்கே வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி சுந்தரலிங்கம் யாழ்ப்பாணத்தார். குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். வயிற்றை அமுக்கினார். பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நெஞ்சில ஒரு நோய் வருத்தமும் இல்லை. எப்ப தொடங்கினது?"

பாலம்மா பலாக்காய் வண்டி தப்பிய நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். அப்போதிக்கரி கதிரையில் பின்னால் சாய்ந்தார்.

"இஞ்ச பாரும். காட்டுப் பாதையில போறீர். முன்னால ஒரு கரடி வந்து நிக்குது. என்ன நடக்கும்? நெஞ்சு அடிக்கும், வாய் காயும், வயிறு இறுகும். ஓடுறதுக்கு உடம்பு ஆயத்தம் பண்ணுது. அது நல்லதுக்குத்தான். கரடி போயிட்டுதெண்டால் எல்லாம் அடங்கிப்போகும். உம்மட கரடி சித்திரையில வந்தது, இன்னும் போகேல்ல. இவ்வளவு மாசமா உடம்பு ஓட ஆயத்தமா நிக்குது. சோத்தைச் செமிக்கவும் புண்ணை ஆத்தவும் அதுக்கு எங்க நேரம்?"

"கரடி இல்லீங்க ஐயா. ரயிலு" என்றார் அழகமுத்து.

"ஓம். கரடியெண்டாலும் பரவாயில்லை, ஒருநாள் வேற பக்கம் போயிடும். ரயில் நாளைக்கும் வரும்."

"தூங்குறதுக்கு மருந்து இல்லீங்களா ஐயா?" என்று கேட்டார் பாலம்மா.

"இருக்கு. குடிச்சால் நல்ல நித்திரை வரும். மணி அடிச்சாலும் கேக்காது. தரட்டோ?"

பாலம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அப்ப வயித்துக்கு மட்டும் தாறன். மற்றதுக்கு, ரெண்டாவது ஆளொண்டைத் தேடுங்கோ. அதை நான் போத்தலில ஊத்தித் தரேலாது."

 வீடு திரும்பும்வரை ரெண்டாவது ஆள் என்ற சொல்லைத்தான் யோசித்துக்கொண்டு வந்ததாகப் பாலம்மா பிறகு என்னிடம் சொன்னார்.

யோசித்து முடிப்பதற்குள் ஐப்பசியில் ஒரு காரியம் நடந்தது. பகல் இரண்டு மணி பத்து நிமிடத்து வண்டிக்கு அழகமுத்து கேட்டைச் சாத்தினார், வண்டி போனது, திறந்தார். எல்லாம் சரி. கால் மணி நேரம் கழித்து, தான் பார்த்த சிவப்பு விளக்கு இன்றைக்குப் பார்த்ததா, நேற்றுப் பார்த்ததா என்ற சந்தேகம் அவருக்கு வந்துவிட்டது. கேட்காரர்களுக்கு மட்டும் வரக்கூடிய சந்தேகம் அது. எல்லா நாளும் ஒரே வண்டி, ஒரே விளக்கு. தூக்கம் இல்லாத தலைக்குள் அவை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டன. அவர் மறுபடியும் கேட்டைச் சாத்திக் கொடியோடு நின்றார்.

கண்டி பஸ் வந்து நின்றது. பிறகு இரண்டு மாட்டுவண்டிகள். ஆற்றில் குளித்துவிட்டு வந்த ஒரு யானையும் பாகனோடு நின்றது.

"அண்ணே, ரயிலு மாத்தளைக்குப் போயி டீ குடிக்குது! யாருக்குக் கேட்டு மூடியிருக்கீங்க?" என்று பஸ் டிரைவர் கத்தினார்.

"போகல்ல."

"யானைக்கே தெரியுது அண்ணே, தலைய ஆட்டுது பாருங்க!"

பஸ்ஸுக்குள் சிரிப்பு. கேட்டுக்கு எதிரே தேநீர்க் கடை வைத்திருந்த சாஹுல் ஹமீது நானா, கழுவிய கோப்பையைத் துடைத்தபடியே இறங்கி வந்தார்.

"தம்பி, ரெயில் போய்த்து. நான் என்ட கண்ணால கண்டேன். அல்லாவுக்காகத் தொறங்க."

"போகல்ல நானா. போயிருந்தா எனக்குத் தெரியாதா?"

நாற்பது நிமிடம் அவர் திறக்கவில்லை.  பாலம்மா வந்து கதவின் மேல் கையை வைத்து, "நான் தொறக்கிறேன். வண்டி வந்தா என் மேல ஏறட்டும்" என்று சொல்லித் திறந்தார். பஸ்ஸில் இருந்த ஒரு புரொக்டர் வக்கீல் கண்டிக்குப் போனதும் ரயில்வேக்கு முறைப்பாடு எழுதினார்.

அடுத்த கிழமை வந்த ரயில் பாதை இன்ஸ்பெக்டர் துரையின் கடிதத்தை மேஸ்திரி வாசித்துக் காட்டினார். ஐந்து வாரத்தில் அழகமுத்து கண்டியில் டாக்டர் முன் நிற்க வேண்டும். தகுதி என்று டாக்டர் எழுதினால் வேலை இருக்கும். இல்லையென்றால் வேலையும் வீடும் இல்லை.

அழகமுத்து கடிதத்தை மடித்துத் தலையணைக்கடியில் வைத்தார். "போகட்டும் புள்ள. ஒருத்தரக் கொல்றதுக்கு முன்னால போயிட்டா நல்லதுதான்" என்றார்.

"அஞ்சு வாரம் இருக்கு" என்றார் பாலம்மா.

அன்று மாலையே ஹமீது நானாவிடம் ஒரு வெற்று பிஸ்கட் தகரம் வாங்கினார். கேங்கில் தகரம் வெட்டும் கத்தரி இரவல் வாங்கி, உள்ளங்கை அளவில் பன்னிரண்டு துண்டாக வெட்டினார். இருவருக்கும் எழுத்து வாசிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொன்றிலும் ஆணியால் ஒரு படம் கீறினார். விடியற்காலை வண்டிக்குச் சேவல். வீரம்மா பள்ளிக்கூடம் போகும் நேரத்து வண்டிக்குச் சிலேட்டு. காலை பத்து இருபதுக்குக் குடை. மத்தியான வண்டிக்குச் சோற்றுப் பானை. இரண்டு பத்துக்குத் தேநீர்க் கோப்பை. இப்படிப் பத்து. படம் இல்லாத இரண்டு தகரம் சாமான் வண்டிக்கு. வாசல் சுவரில் இரண்டு பெரிய ஆணி அடித்தார்.

"அன்னன்னிக்கு வரவேண்டிய வண்டி எல்லாம் எடது ஆணியில. செவப்பு வெளக்கக் கண்ணால பாத்த பொறவு, கதவத் தொறக்கிறதுக்கு முன்னால, கையால எடுத்து வலது ஆணியில மாட்டணும். சாமான் வண்டிக்கு மணி அடிச்சா, இந்த வெறுந்தகரத்த எடதுல மாட்டணும். போச்சா இல்லியான்னு மனசக் கேக்காதீங்க. ஆணியக் கேளுங்க."

"என் புத்தி தகரத்துல தொங்குதுன்னு ஊரே சிரிக்கும்."

"சிரிச்சா சிரிக்கட்டும். கேட்ட மூடிக்கிட்டு நின்னப்ப அழுதாங்களா?"

முதல் இரண்டு நாள் அவர் ஒரு தகரத்தை இருபது தடவை போய்ப் பார்த்தார். மூன்றாம் நாள் பத்துத் தடவை. ஆணி ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொன்னது. அந்த வாரக் கடைசியில் ஒருநாள் மத்தியானம் சோற்றை முழுதாகச் சாப்பிட்டார்.

அடுத்தது தூக்கம். சிலேட்டு வண்டி போனதும் அவர் படுக்க வேண்டும், தேநீர்க் கோப்பை வண்டிவரை கேட் தன்னுடையது என்று பாலம்மா சொன்னார். சட்டப்படி அது தவறு. சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாத ஆள் கேட்டைத் தொடக் கூடாது. அது அவருக்குத் தெரியும். அதனால் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்க அந்த வழியாகப் போய்வரும் என்னிடம் வந்து, ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதித் தரச் சொன்னார்.

"கணவரின் உடல்நிலை காரணமாக" என்று தொடங்கினேன். படித்துத் தமிழில் சொன்னதும் தடுத்தார்.

"அவருக்குச் சீக்குன்னு எழுதாதீங்க டீச்சரம்மா. ரெண்டு ஆளு பாத்த கேட்டு, பத்து மாசமா ஒரு ஆளு பாக்குதுன்னு எழுதுங்க. பகலுக்கு நான் இருக்கேன்னு எழுதுங்க. வேறொண்ணும் வேணாம்."

அதையே எழுதினேன். அதைவிட நன்றாக நான் எழுதியிருக்க முடியாது.

பதில் வரவில்லை. பாலம்மா காத்திருக்கவும் இல்லை. தினமும் காலையில் அவரைப் படுக்க வைத்துவிட்டு, வாசற்படியில் கதவுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்தார். அழகமுத்து கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்தபடி கிடப்பார். மணி அடித்ததும் எழுந்து ஓடி வருவார். "என் முறை. போய்ப் படுங்க" என்று பாலம்மா திருப்பி அனுப்புவார். பத்து நாள் இதுதான் நடந்தது. பதினோராம் நாள், குடை வண்டி போன பிறகு, உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அது குறட்டை என்று தெரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்ததாம். அரைமணி நேரத்தில் நின்றுவிட்டது. ஆனால் மறுநாளும் வந்தது.

டாக்டரிடம் போக ஒன்பது நாள் இருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் இன்ஸ்பெக்டர் துரை கண்டிப் பக்கமிருந்து மோட்டார் காரில் வந்து இறங்கினார். பறங்கியர், கேங் ஆட்களோடு பழகிப் பழகி அவர்களுடைய தமிழையே பேசுவார். கேட் மூடியிருந்தது. பச்சைக் கொடியோடு ஒரு பெண் நின்றாள். துரை ஹாரனை நீளமாக அமுக்கினார்.

"நீ யாரு? அழகமுத்து எங்கே?"

"தூங்குறாருங்க தொரை. நான் சம்சாரம்."

"தூங்குறானா?" துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மணி பத்து அம்பது. பத்து இருபது போயாச்சு. கேட்டைத் திற."

"போகலீங்க. மணி அடிச்சிச்சு, வண்டி வரல."

"உன் புருஷனும் அப்பிடித்தானே சொன்னான்? நாப்பது நிமிஷம்?"

பாலம்மா எதிர்க்கடையைப் பார்த்தார். ஹமீது நானா கையை விரித்தார். அவர் பின்கட்டில் விறகு பிளந்துகொண்டிருந்தவர், எதையும் காணவில்லை. அந்த நேரத்தில் தன் வாய் காய்ந்து நெஞ்சு அடித்ததைப் பாலம்மா மறைக்காமல் சொல்வார். அப்போதிக்கரி சொன்ன கரடியை அன்றைக்குத்தான் தானும் பார்த்தாராம். கணவர் இதை இத்தனை மாதம் பார்த்துக்கொண்டா சோறு தின்றார் என்று நினைத்தாராம். பிறகு சுவரைப் பார்த்தார். குடை இடது ஆணியில் தொங்கியது.

"தொறக்க மாட்டேங்க தொரை."

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியுங்க. அதனாலதான் தொறக்க மாட்டேன். தொரை காருதான் மொதல்ல ஏறும்."

ஹாரன் சத்தத்துக்கு அழகமுத்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தார். துரையைக் கண்டதும் கை தலைக்குப் போனது.

"போய்ப் படுங்க. என் முறை" என்றார் பாலம்மா, திரும்பிப் பார்க்காமல்.

அழகமுத்து துரையைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார். கடைசியில் ஆணியைப் பார்த்தார். குடை இடது பக்கம் இருந்தது. அவர் முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. சலாம் போட்டுவிட்டு மெதுவாக உள்ளே போனார்.

 துரை கார்க் கதவில் சாய்ந்து நின்றார். ஏழெட்டு நிமிடம் கழித்து வத்தேகமப் பக்க வளைவில் எஞ்சினின் ஊதல் கேட்டது. வழியில் தண்டவாளத்தின் மேல் மாடு படுத்துக் கிடந்து வண்டியை மறித்திருக்கிறது. பெட்டிகள் தடதடவென்று போயின. கடைசியில் சிவப்பு விளக்கு போனது. பாலம்மா அதைப் பார்த்தார், கொடியைச் சுற்றினார், குடையை எடுத்து வலது ஆணியில் மாட்டினார், அதன் பிறகு வந்து கதவைத் திறந்தார்.

துரை காரில் ஏறாமல் சுவரண்டை போய்த் தகரங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இது என்ன? பானையா?"

"மத்தியான வண்டிங்க."

அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். அழகமுத்து கண்ணை மூடிக்கொண்டு பாயில் கிடந்தார். தூங்கவில்லை; ஆனால் படுத்திருந்தார். துரை சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

ஆறாம் நாள் மேஸ்திரி கடிதத்தோடு வந்தார். மறு ஆள் நியமிக்கும்வரை, காலை ஆறிலிருந்து மத்தியானம் இரண்டரைவரை கேட்டுக்கு அழகமுத்துவின் மனைவி பொறுப்பு. மாலைக்கும் இரவுக்கும் அழகமுத்து. ஆனால் டாக்டரிடம் போவதில் மாற்றம் இல்லை.

அந்த நாள் கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமை. பாலம்மாவுக்குக் கேட்டை விட்டுப் போக முடியாது. அது இப்போது அவருடைய உத்தியோகம். அழகமுத்து சவரம் செய்து, கஞ்சி போட்ட சட்டை உடுத்தி, தனியாகச் சிலேட்டு வண்டியின் நேரத்துக்கு ஸ்டேஷனுக்கு நடந்தார். இரண்டு பத்து வண்டியில் திரும்பி, ஸ்டேஷனில் இறங்கி, நடந்து வருவது என்று பேச்சு.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு மணி அடித்தது. பாலம்மா கதவுகளைச் சாத்திக் கொடியோடு நின்றார். வண்டி ஸ்டேஷனை விட்டுப் புறப்பட்டு, புகையோடு நெருங்கி வந்தது. மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒன்றின் ஜன்னலில் கஞ்சி போட்ட அந்தச் சட்டை தெரிந்தது. அழகமுத்து ஸ்டேஷனில் இறங்கவே இல்லை. ஜன்னல் கட்டையில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு, கொடிக்கும் ஊதலுக்கும் அசையாமல், தன்னுடைய சொந்தக் கேட்டைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்.

பாலம்மா கூப்பிட வாயெடுத்தவர் மூடிக்கொண்டார். கடைசிப் பெட்டி போனது. சிவப்பு விளக்கைப் பார்த்தார். தேநீர்க் கோப்பையை எடுத்து வலது ஆணியில் மாட்டினார்.

"அழகமுத்து வரல்லியா புள்ள?" என்று கடையிலிருந்து ஹமீது நானா கேட்டார். "டாக்டர் என்னவாம்?"

"தூங்கிக்கிட்டே வத்தேகமைக்குப் போறாரு நானா."

"யா அல்லா! அப்ப டாக்டர்ட பதில்?"

"அதத்தான் சொன்னேன்."

மாலை ஐந்து மணிக்கு அவர் தண்டவாள ஓரமாக நடந்தே வந்து சேர்ந்தார். தகுதி என்று எழுதிய காகிதம் சட்டைப்பையில் இருந்தது. பெருவிரல் வெட்டு மூடி, அந்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு மட்டும் தெரிந்தது.

"நல்லாத் தூங்கிட்டேன் புள்ள" என்றார் வெட்கத்தோடு. "முழிச்சுப் பாத்தா வத்தேகம."

"பாத்தேன்."

"பாத்தியா? கூப்பிட்டிருக்கலாமே!"

"மனசு வரல" என்றார் பாலம்மா. "சோறு இருக்கு, சாப்பிட்டுட்டு வாங்க. அடுத்த வண்டி உங்க முறை."